சாந்தாவின் கட்டுரைகள் எங்கே போய்ச் சேர்ந்தன?

நூம்பலிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு வந்தால் வேலப்பன்சாவடி. மருத்துவக் கல்லூரி, பல் மருத்துவக் கல்லூரி என்று வெள்ளைக் கோட்டு மாணவர்கள் நிறைந்த வட்டாரம். ஆறாத வாய்ப்புண்ணோடு வருபவருக்கு அது புற்றாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுபவர் பல சமயம் பல் மருத்துவர்தான். அவர்களில் ஆராய்ச்சிக்குள் நுழைபவரை இன்று ஓர் எண் பின்தொடர்கிறது: எச்-குறியீடு.

2005இல் ஹோர்கே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு 20. ஒரே ஒரு கட்டுரை எழுதி அது 5,000 மேற்கோள் பெற்றாலும் குறியீடு 1தான். தன் பழைய கட்டுரைகளைத் தானே திரும்பத் திரும்ப மேற்கோள் காட்டி எண்ணை ஏற்றிக்கொள்ளவும் வழியுண்டு. கட்டுரை எத்தனை பேர் கண்ணில் பட்டது என்பதை இந்த எண் ஓரளவு சொல்லும். அந்தக் கட்டுரையால் யாருக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குப் போக வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அந்த மருத்துவமனையில் மறு ஆண்டு சேர்ந்தவர் டாக்டர் வி. சாந்தா. 1959இல் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் அவரும் வாய்ப்புற்றின் காரணங்களை ஆராய்ந்து பிரிட்டனின் புற்றுநோய் ஆய்விதழில் எழுதினார்கள். 1963இல் தொடர் ஆய்வும் வந்தது. வெற்றிலை, பாக்கு, புகையிலையைக் கன்னத்தில் அடக்கிவைக்கும் பழக்கத்தைத் தங்களிடம் வந்த நோயாளிகளிடமே விசாரித்து எழுதிய ஆய்வுகள். புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது புற்றை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1985இல் அறிவித்தது. புகையிலையே இல்லாவிட்டாலும் பாக்கு புற்றை உண்டாக்கும் என்று 2004இல் சொன்னது. அந்த முகமை எடைபோட்ட ஆய்வுகளில் சென்னையின் பழைய ஆய்வுகளும் உண்டு. நாற்பது ஆண்டு கழித்தும் ஒரு கட்டுரை வேலை செய்வது என்பது இதுதான்.

ஆனால் சாந்தாவின் நிலையம் செய்தவற்றில் மிகப் பெரியது என்று நான் கருதுவது ஒரு பதிவேட்டை. சென்னையில் யார் யாருக்கு, எந்த உறுப்பில், எந்த வயதில் புற்று வருகிறது என்ற கணக்கு அங்கே 1980களின் தொடக்கத்திலிருந்து எழுதப்படுகிறது. தகவல் தானாக வந்து சேராது. ஊழியர்கள் மருத்துவமனை மருத்துவமனையாக, ஆய்வகம் ஆய்வகமாகப் போய்க் குறித்துவர வேண்டும். இறப்புப் பதிவுகளையும் புரட்ட வேண்டும். 2012இல் இந்த வேலை தமிழ்நாடு முழுவதற்கும் விரிந்தது. நூம்பல்காரர் ஒருவருக்கு வேலப்பன்சாவடியில் நோய் தெரிந்து, கீழ்ப்பாக்கத்தில் அறுவை நடந்து, அடையாறில் கதிர்வீச்சு தரப்பட்டால் மூன்று இடத்திலும் அவர் பெயர் இருக்கும். ஓரிடத்தில் இனிஷியல் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால், வயதில் இரண்டு வருட வித்தியாசம். மூவரும் ஒருவரே என்று கண்டுபிடித்து ஒரே ஆளாக எண்ண வேண்டும்.

ஆளுக்கு எச்-குறியீடு போல இதழுக்குத் தாக்கக் காரணி: அதன் அண்மைக் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களின் எண்ணிக்கை. உலக ஆய்விதழ்களில் அது 200ஐத் தாண்டிய ஒன்று, அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் இதழ். அந்த இதழை அந்த உயரத்துக்கு ஏற்றியவை முக்கியமாகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரக் கட்டுரைகள். அவற்றில் உலக நாடுகளின் மதிப்பீடுகளுக்கு அடியில் சென்னை போன்ற ஊர்களின் பதிவேடுகள் இருக்கின்றன. மேற்கோள் கட்டுரைக்குப் போகிறது, எண்ணியவருக்கு வருவதில்லை. இது அநியாயம்தான்.

2007இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு பதிவேட்டின் அருமையை இன்னும் தெளிவாகக் காட்டும். திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர் நடத்தியது. 30 முதல் 59 வயதுவரை உள்ள பெண்களுக்குச் செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்த்தார்கள். சோதனை நடந்த ஊர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு 35 சதவீதம் குறைந்தது. சோதனை நடந்த ஊர்களிலும் நடக்காத ஊர்களிலும் யாருக்கு நோய் வந்தது, யார் இறந்தார்கள் என்று வருடக்கணக்கில் விடாமல் குறித்துவைத்தது அம்பிளிக்கையில் இயங்கிய புற்றுநோய்ப் பதிவேடு.