சாய்ந்த குழாயில் வழி கண்ட அயனிகள்

உறிஞ்சுகுழாய் ஒன்றின் வழியே விளக்கைப் பாருங்கள். குழாயைச் சற்றுச் சாய்த்தால் வெளிச்சம் மறைந்துவிடும். நேர்வழியில் செல்லும் எதற்கும் இதே கதிதான். ஆனால், 2002ஆம் ஆண்டில் பெர்லினில் ஸ்டோல்டர்ஃபோட் என்ற இயற்பியலாளரின் குழு செய்த சோதனையில் நடந்தது வேறு.

அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள். தண்ணீர்ப் போத்தல் செய்யும் அதே பெட் வகைப் பிளாஸ்டிக்தான். அதில் 100 நானோமீட்டர் அகலமும் 10 மைக்ரோமீட்டர் நீளமும் உள்ள நுண்குழாய்கள் இருந்தன. அகலத்தைப்போல் நூறு மடங்கு நீளம்! இத்தகைய குழாயை ஒரு பாகை சாய்த்தாலே நேர்வழி அடைபட்டுவிடும்.

அதனுள் நியான் அயனிகளைச் செலுத்தினர். நியான் அணுவில் 10 எலக்ட்ரான்கள் உண்டு. அவற்றில் 7 நீக்கப்பட்டதால், ஒவ்வோர் அயனியும் 7 மடங்கு நேர்மின்னூட்டம் கொண்டிருந்தது. வேகம் விநாடிக்குச் சுமார் 170 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு இரண்டே விநாடி! ஆயினும், அணு உலகில் இது மெதுவான வேகமே.

இத்தகைய அயனி சுவரைத் தொட்டால் அங்குள்ள எலக்ட்ரான்களைப் பறித்துக்கொண்டு தன் மின்னூட்டத்தை இழக்கும். ஆனால், தாளைச் சுமார் 20 பாகை வரை சாய்த்தபோதும் அயனிகள் வெளிவந்தன. அவற்றில் பெரும்பாலானவை 7 மின்னூட்டத்தையும் இழக்காமலே வந்தன. அப்படியென்றால், அவை சுவரைத் தொடவே இல்லை!

எப்படி? முதலில் நுழைந்த அயனிகள் சுவரில் மோதின. அவை விட்டுச்சென்ற நேர்மின்னூட்டம் அங்கேயே தங்கியது. உலோகமாக இருந்தால் அது உடனே வழிந்தோடியிருக்கும். பிளாஸ்டிக்கோ மின்சாரத்தை அரிதில் கடத்தும் பொருள். தேங்கிய மின்னூட்டம், பின்னால் வந்த அயனிகளை விலக்கித் திருப்பிவிட்டது. நேரும் நேரும் விலக்கும் அல்லவா? முன்னே சென்றவை மோதி நின்று, பின்னே வருபவற்றுக்கு வழி அமைத்தன.

மெதுவாக வருவதால்தான் அயனிகள் எளிதில் திரும்புகின்றன. மின்னூட்டம் மிகுதி என்பதால் விலக்கு விசையும் மிகுதி. தேங்கியது சிறிது கசிந்து குறைந்தால், இன்னும் சில அயனிகள் மோதி அதை ஈடுசெய்யும்.

2006இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வாளர்கள், முனை நோக்கிக் குறுகும் கண்ணாடிக் குழாயால் ஆர்கான் அயனிகளைத் தலைமுடியைவிட மெல்லிய கற்றையாக்கினர்.

மின்சாரத்தைக் கடத்தாத பொருளுக்கு மின்னியலில் வேலை இல்லை என்று எண்ண வேண்டாம், மாணவர்களே. இங்கே, கடத்தாமல் இருப்பதுதான் அதன் வேலையே!