கணனி மட்டும் போதுமா?

காணியை விட்டு வந்த பெற்றோருக்குப் பிள்ளையின் படிப்பே பெரிய நம்பிக்கை. கணனி ஒன்று கிடைத்தால் பிள்ளை முன்னேறிவிடும் என்று எண்ணுவது இயல்பு. இந்த எண்ணம் வேறு நாடுகளில் பெரிய அளவில் பரிசோதிக்கப்பட்ட ஒன்று.

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நிக்கொலஸ் நெக்ரோபொன்ரி, வறிய நாட்டு மாணவருக்கென 100 டொலர் மடிக்கணனித் திட்டத்தை அறிவித்தார். 2007இல் அது வெளிவந்தபோது விலை 200 டொலரை அண்மித்திருந்தது. ஆயினும் கருவி நல்லதே: வெயிலிலும் வாசிக்கக்கூடிய திரை, தூசு புகாத றப்பர் விசைப்பலகை, மிகக் குறைந்த மின்செலவு.

தென் அமெரிக்க நாடான பெரு 8 இலட்சத்துக்கும் அதிகமான கணனிகளை வாங்கியது. அங்கு 319 கிராமப் பாடசாலைகளில் நடத்தப்பட்ட ஆய்வு 2012இல் வெளியாயிற்று. மாணவர் கருவியை இயக்கப் பழகியிருந்தனர். ஆனால் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. பாடத்தோடு இணைத்துக் கற்பிக்க ஆசிரியருக்குப் போதிய பயிற்சி கிடைத்திருக்கவில்லை.

நீர் இறைக்கும் இயந்திரம் மட்டும் பயிரை விளைவிப்பதில்லை. எண்ணெய் வேண்டும், திருத்துபவர் வேண்டும், மண்ணறிந்த விவசாயியும் வேண்டும். கணனியும் அவ்வாறே. நமது பாடசாலைக்கு ஒருவர் கணனி தர முன்வந்தால் நன்றியோடு ஏற்போம். கூடவே மூன்று கேள்விகளையும் கேட்போம்: யார் கற்பிப்பார்? பழுதானால் யார் திருத்துவார்? மின்கட்டணத்தை யார் செலுத்துவார்?