ஓமுவும் பட்டுப்புழுவும்

ஒரு பூச்சியின் உழைப்பில் சோறு தின்னும் ஊர் எங்கள் காஞ்சிபுரம். அதனால்தானோ என்னவோ, ஹயாவோ மியாசாகியின் ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’ என்னை அப்படி உலுக்கிவிட்டது.

1984இல் வந்த ஜப்பானிய அனிமேஷன் படம் அது. மனிதர்கள் ஏழே நாளில் உலகைச் சுட்டெரித்து ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. நச்சு வித்துகளைத் தூவும் காளான் காடு ஊர்களை விழுங்கி வருகிறது. அந்தக் காட்டைக் காப்பவை ஓமு எனும் பிரம்மாண்டப் பூச்சிகள். அவற்றுக்கு 14 கண்கள். சாந்தமானால் நீலம், சினந்தால் சிவப்பு. எல்லோரும் அஞ்சும் அவற்றிடம் இளவரசி நௌசிகா அன்பு வைக்கிறாள். காட்டின் அடியில் விழுந்தபோது அவளுக்கு உண்மை தெரிகிறது: மனிதன் கெடுத்த மண்ணையும் நீரையும் அந்த மரங்கள்தாம் தூய்மையாக்கிக்கொண்டிருக்கின்றன.

தொடக்கத்தில், ஓமு உரித்துப்போட்ட முழுச் சட்டையைக் கண்டு அவள் மெய்மறந்து நிற்பாள். எனக்கு அங்கே நம் பட்டுப்புழு நினைவுக்கு வந்தது.

முட்டையைவிட்டு வரும்போது அது 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். மல்பெரி இலைதான் அதற்கு எல்லாம். நான்கு முறை சட்டை உரிக்கும். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் இலையை விட்டு, தலையைத் தூக்கியபடி அசையாமல் நோன்பிருக்கும். ஏறக்குறைய 25 நாளில் எடை 10,000 மடங்காகிவிடும். பிறகு கூடு கட்டுவதற்கான சந்திரிகைத் தட்டில் ஏற்றிவிட்டால், எட்டு எழுதுவதுபோலத் தலையை ஆட்டி ஆட்டி, வாய்க்குக் கீழுள்ள ஒரே துளை வழியே நூல் விடத் தொடங்கும். இரண்டு சுரப்பிகள், இரண்டு இழைகள், அவற்றை ஒட்டும் பசை, எல்லாம் அந்தச் சிற்றுடலுக்குள். உள்ளே திரவமாக இருந்தது வெளியே இழுபடும் கணத்தில் இழையாகிறது. நெருப்பும் அமிலமும் அதற்குத் தேவையில்லை. நல்ல கூடு ஒன்றில் அறுபடாமல் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நூல்! இழையின் குறுக்குவெட்டு முக்கோணம். ஒளி அதில் பட்டுச் சிதறுவதால்தான் முகூர்த்தப் புடவை அப்படி மின்னுகிறது. சாயமும் சரிகையும் நாம் சேர்த்தவை. அந்த மினுக்கு படைத்தவன் வைத்தது.

படத்தில் ஓமுவின் குஞ்சைக் காயப்படுத்தி, தூண்டிலாகக் கட்டி இழுத்துப் போவார்கள். அந்தக் காட்சியை என்னால் எளிதில் தாண்ட முடியவில்லை. நம் பட்டுப்புழுவுக்கும் நாம் வலி தருகிறோமே. பூச்சி துளைத்து வெளிவந்தால் கூட்டின் நூல் அறுந்துவிடும். ஆகவே உள்ளே இருக்கும் உயிர் சூட்டில் மாய்கிறது. இதை நினைத்துத்தான் காஞ்சி மகா பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், பட்டு உடுத்த வேண்டாம் என்றார். பட்டே பிழைப்பான ஊரின் மடத்திலிருந்து எழுந்த குரல் அது. அந்தக் கருணையை வணங்குகிறேன். ஆனால் இதே ஊரின் பிள்ளையார்பாளையத்தில் கோர்வைக் கரை போட்டுப் புடவை நெய்யும் வீடுகளின் அடுப்பு அந்த நூலை நம்பியே எரிகிறது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டில் ஒன்றைத் தள்ள மனம் வரவில்லை.

ஓமுவுக்கு மனிதன் தேவையில்லை. பட்டுப்பூச்சி நம்மை விட்டால் பிழைக்காது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நம் கையில் வளர்ந்து பறப்பதையே அது இழந்துவிட்டது. வெளிவந்த பின் உண்பதும் இல்லை. சில நாள் வாழ்வுதான். ஆனால் பெண்பூச்சியின் மணம் அணுவளவு காற்றில் வந்தாலும் ஆணின் உணர்கொம்புகள் கண்டுகொள்ளும். பறக்க உதவாத சிறகுகளை விடாமல் அடித்துக்கொண்டு, அவளைத் தேடி நடந்தே போய்ச் சேரும்.