நாலடி அலையில் குடும்பத்தோடு போகலாமா?

அமெரிக்காவின் வட கரோலினாவில், அவுட்டர் பேங்க்ஸ் தீவுக்கரையில் ஒரிகன் இன்லெட் என்றொரு முகத்துவாரம் இருக்கிறது. 1846-ல் அடித்த புயல் ஒன்று மணல்திட்டை உடைத்துத் திறந்துவிட்ட வழி. கோடையில் பொழுது விடியும் நேரத்தில் அங்கிருந்து வாடகை மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கிளம்பும். பெரும்பாலும் ஒரு படகுக்கு ஆறு பயணிகள்தான். கைக்குழந்தையும் ஓர் ஆள் கணக்கு. ஆறு பேருக்குள் அடங்கும் குடும்பமாக இருந்தால் படகை மொத்தமாக எடுத்துக்கொண்டு நாள் முழுக்க ஆழ்கடலில் இருக்கலாம்.

சூரை, வாஹூ, மாஹி மாஹி எல்லாம் கிடைக்கும் இடம் கல்ஃப் ஸ்ட்ரீம் என்னும் வெந்நீரோட்டத்தின் ஓரம். கரையிலிருந்து சுமார் 35, 40 மைல். போகவே ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் யாருக்காவது முடியாமல் போனால் திரும்பி வரவும் அதே நேரம் ஆகும் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முதலில் பார்ப்பது அலை எத்தனை அடி என்றுதான். அதைவிட முக்கியம், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பது. அமெரிக்க வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பில் இரண்டும் சேர்ந்தே வரும். நாலடி அலை ஒன்பது விநாடிக்கு ஒருமுறை வந்தால், ஆழ்கடலில் இரு அலை முகடுகளுக்கு நடுவே 400 அடிக்கு மேல் தூரம் இருக்கும். 55 அடிப் படகு அதில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். குழந்தைகள் தூங்கிக்கூடப் போவார்கள். அதே நாலடி நான்கு விநாடிக்கு ஒருமுறை வந்தால் அந்த இடைவெளி 80 அடிதான். ஓர் அலையிலிருந்து முழுதாக இறங்குவதற்குள் படகை அடுத்தது தூக்கும். உயரம் ஒன்றுதான், முதல் நாள் சுகமான பயணம், இரண்டாவது நாள் எட்டு மணி நேர வாட்டம். இன்னொன்று: அறிவிப்பில் சொல்லும் உயரம் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. இடையிடையே அதைப்போல இருமடங்கு அலை வருவதும் இயல்பு.

அடுத்து காற்றின் திசை. கல்ஃப் ஸ்ட்ரீம் வடகிழக்கு நோக்கி, சராசரியாக மணிக்கு 4 மைல் வேகத்தில் ஓடுகிறது. காற்றும் வடகிழக்கிலிருந்து எதிர்த்து வீசினால் அலைகள் நெருங்கி, செங்குத்தாக நிமிர்ந்துவிடும். கரையோரம் அமைதியாக இருக்கும் நாளில்கூட அங்கே கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்று என்றால் நீரோட்டத்தின் போக்கிலேயே வீசுவதால் பெரும்பாலும் தொல்லை குறைவு. முகத்துவாரத்திலும் இதே கதைதான்: வற்றம் வெளியே இழுக்கும்போது கடலலை உள்ளே வந்தால், ஆழம் குறைந்த மணல்மேட்டின் மேல் அலை உடையும். அந்த மணலும் ஓயாமல் இடம் மாறுகிறது.

இந்த ஊர்ப் படகுகளை ஒருமுறை கிட்ட நின்று பாருங்கள். முன்பக்கம் தண்ணீர் மட்டத்தில் ஒடுங்கி, மேலே போகப்போக வெளிப்பக்கமாக விரிந்திருக்கும். அலையில் குத்தும்போது தண்ணீர் பக்கவாட்டில் ஏறி, அந்த விரிவில் பட்டு, இருபுறமும் விசிறியாகத் தெறித்து விலகும். தளத்துக்கு வருவது சாரல்தான். படகோட்டியாகவும் படகு கட்டுபவராகவும் இருந்த ஓமி டில்லெட் போன்றவர்கள் இந்தக் கடலிலேயே ஓட்டிப் பார்த்துச் செப்பனிட்ட வடிவம் அது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைவேலை மேல் மரியாதை கூடுகிறது.

ஆனால் எந்தப் படகும் குமட்டலைத் தடுக்காது. உடல் ஆடுகிறது என்று உட்காது சொல்ல, கண் எதிரே இருக்கும் அறைச்சுவர் அசையவில்லை என்று சொல்ல, மூளை குழம்புவதால் வருவது அது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரையுள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வரும். அதனால் பிள்ளையைப் படுக்க வைக்கக் கீழ் அறைக்கு அனுப்பாதீர்கள். ஆட்டம் குறைவான பின்பக்கத்தில், டீசல் புகை படாத இடமாகப் பார்த்து உட்காரவைத்து, தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். போன் கையில் வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம், எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். ரொட்டி, பிஸ்கட் போதும். டைமென்ஹைட்ரினேட், மெக்லிசின் மாத்திரைகளைப் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பலனில்லை. பிள்ளைகளுக்கு எது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் ஸ்கோபலமின் ஒட்டுமருந்து பிள்ளைகளுக்கு ஆகாது.

படகில் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா என்று முந்தின நாளே கேளுங்கள். நீச்சல் தெரியாதவர் கிளம்பும்போதே போட்டுக்கொள்வது நல்லது.

கேப்டன் விடியற்காலையில் போன் செய்து இன்று வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். வானிலையால் அவர் ரத்து செய்தால் வழக்கமாக முன்பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு நாள் தருவார்கள். நீங்களாக ரத்து செய்தால் பெரும்பாலும் கிடைக்காது. இந்த விதியைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். போகலாம், ஆனால் ஆட்டம் இருக்கும் என்று அவர் சொன்னால், உங்கள் வீட்டில் யார் அதிகம் தாங்கமாட்டாரோ அவரை வைத்து முடிவெடுங்கள். பிள்ளைகள் சிறியவர்கள் என்றால் அரைநாள் பயணமாகப் பாம்லிகோ சவுண்ட் பக்கம் போகலாம். தீவுகளுக்கு உள்ளே இருக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு அது. வெளிக்கடல் அலை அங்கே எட்டுவதில்லை. சிறு தூண்டிலோடு பிள்ளைகளே மீன் இழுக்கலாம். செலவும் குறைவு.