ஒரு மடிக்கணினிக்கு எத்தனை திரை?

கழற்றி மாட்டும் புது எந்திரம்!
காசு போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆயக்குடி என்றதும் கொய்யாப்பழம் நினைவுக்கு வரும். பழநிக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊர்ச் சந்தைக்கு, சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து கொய்யா வந்து குவிகிறது.

எந்தத் தோட்டக்காரர் எத்தனை பெட்டி கொடுத்தார்? என்ன விலை போயிற்று? யாருக்கு எவ்வளவு பாக்கி? இந்தக் கணக்கை ஒரு வியாபாரி மடிக்கணினியில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

திரையோ சிறியது. கணக்கைப் பார்த்தால் விலைப் பட்டியல் மறைகிறது. விலையைப் பார்த்தால் கணக்கு மறைகிறது. ஓர் எண் தவறினால் யாருக்கோ நஷ்டம்!

பக்கத்தில் இன்னொரு திரை இருந்தால்?

இருக்கலாம். ஒன்று என்ன, மூன்று திரைகள்கூட மாட்டக்கூடிய மடிக்கணினி உண்டு.

தீப்பெட்டியை விடச் சிறியது

"ஃபிரேம்வொர்க்" என்பது ஓர் அமெரிக்கக் கம்பெனி. தொடங்கியவர் பெயர் நீரவ் பட்டேல். இந்தக் கம்பெனி 2021-ம் ஆண்டு புதுமாதிரி மடிக்கணினி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஒரு திருப்புளி இருந்தால் போதும். பாட்டரி, திரை, விசைப்பலகை ஆகியவற்றை உடையவரே கழற்றி மாற்றலாம்.

அதன் பக்கவாட்டில் நான்கு பொந்துகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தீப்பெட்டியை விடச் சிறிய வில்லை ஒன்றைச் செருகலாம். டி.வி.க்கு எச்.டி.எம்.ஐ. வில்லை. மானிட்டருக்கு டிஸ்பிளே போர்ட் வில்லை. பென் டிரைவுக்கு யூ.எஸ்.பி. வில்லை.

நான்கில் ஒன்று சார்ஜருக்குப் போய்விடும். மீதி மூன்று. ஆகவே மூன்று வெளித்திரைகள்.

இதில் ஒரு சூட்சுமம்!

எல்லாப் பொந்தும் ஒன்றுதானா? இல்லை.

2023-ல் வந்த ஏ.எம்.டி. சிப் மாடலில், நான்கில் ஒரு பொந்து படம் அனுப்பாது. அதில் எச்.டி.எம்.ஐ. வில்லையைச் செருகினாலும் திரை இருட்டாகவே இருக்கும்.

காரணம் என்ன? வில்லை வெறும் வாசல். படம் உள்ளே இருக்கும் சிப்பில் இருந்து வரவேண்டும். தொட்டியில் இருந்து குழாய் வராத இடத்தில் புதுப் பித்தளைத் திருகை மாட்டினால் தண்ணீர் வருமா?

வழி சுலபம். சார்ஜரை அந்தப் பொந்தில் மாட்டுங்கள். மற்ற மூன்றையும் திரைகளுக்கு விட்டுவிடுங்கள்.

உங்கள் வீட்டு மடிக்கணினி

சாதாரண மடிக்கணினி வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு டி.வி.யிலும் அதே துளை இருந்தால், ஒரு வயர் போதும். டி.வி.யே இரண்டாவது திரை!

வயரை மாட்டியபின், விண்டோஸ் பொத்தானை அழுத்திக்கொண்டே "பி" எழுத்தைத் தட்டுங்கள். "டூப்ளிகேட்" என்றால் இரண்டிலும் ஒரே படம். "எக்ஸ்டெண்ட்" என்றால் ஒன்றில் கணக்கு, மற்றதில் விலை!

யூ.எஸ்.பி.-சி துளை மட்டும் இருந்தால் எச்சரிக்கை தேவை. எல்லா சி துளையும் படம் அனுப்பாது. எல்லா சி வயரும் படத்தைக் கடத்தாது. சில வயர்கள் சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும்.

ஆகவே, மானிட்டர் வாங்கும் முன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்.

"இந்தத் துளை படம் அனுப்புமா? ஒரே நேரத்தில் எத்தனை திரை தாங்கும்?"

முடிந்தால் மடிக்கணினியைக் கையோடு கொண்டுபோய், மாட்டிப் பார்த்தபின் பணத்தை எண்ணிக் கொடுங்கள்!