குடோனில் வைக்கும் ‘பூச்சி மாத்திரை’... கர்சீப் கட்டினால் உயிர் தப்புமா?

பூந்தமல்லி,

குன்றத்தூர் பகுதியில் 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் நடந்த சோகம் பலருக்கும் நினைவிருக்கும். எலித் தொல்லை தாங்காமல் ஒரு வீட்டில் ஆள் வைத்து மருந்து வைத்தார்கள். அதன் நெடி தாக்கி 6 வயது சிறுமியும், 1 வயது ஆண் குழந்தையும் பரிதாபமாக இறந்தனர். பெற்றோர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டனர்.

ஒரு ராத்திரி நெடிக்கே இந்த கதி என்றால், விஷ மருந்தையே பிழைப்பாக வைத்திருக்கும் தொழிலாளியின் கதி என்ன?

மூச்சு வழியாக ஆளைக் கொல்லும் கொடிய மருந்துகளில் ஒன்று அலுமினியம் பாஸ்பைடு. அரிசி, கோதுமை, பருப்பு மூட்டைகளில் வண்டு, அந்து விழாமல் இருக்க குடோன்களில் வைப்பது இதைத்தான். ‘பூச்சி மாத்திரை’ என்றால் லோடுமேன்களுக்கு தெரியும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் குடோன்களுக்கு பஞ்சமே இல்லை. மருந்து வைக்கும் ஆள், மூட்டை இறக்கும் லோடுமேன், வாசலில் படுக்கும் வாட்ச்மேன், லாரி கிளீனர் என எல்லோருமே இதன் பக்கத்தில்தான் வேலை பார்க்கிறார்கள்.

மாத்திரை எப்படி வாயு ஆகிறது?

பார்க்க சாதாரண மாத்திரை மாதிரி இருக்கும். ஆனால் காற்றில் உள்ள ஈரம் பட்டதுமே ‘பாஸ்பின்’ என்ற விஷ வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்றில் இருந்து 1 கிராம் வாயு வரும். மூட்டைகளை தார்ப்பாய் போட்டு மூடி, பல நாள் அப்படியே விடுவது இந்த வாயு உள்ளே பரவத்தான்.

ஈரம்தான் இதற்கு எமன். வேர்த்த கையால் மாத்திரையை எடுத்தாலே வாயு வர ஆரம்பிக்கும். தண்ணீர் ஊற்றினால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் அமரில்லோ நகரில் 2017 ஜனவரியில், வீட்டுக்கு அடியில் போட்டிருந்த இந்த மருந்தை தண்ணீர் அடித்து கழுவப் பார்த்தனர். கிளம்பிய வாயுவில் ஒரே வீட்டில் 4 குழந்தைகள் பலியானார்கள்.

வாசனையை நம்பாதே!

“நெடி வந்தா வெளியே ஓடிடுவோம்ல...” என்று நினைப்பது பெரிய தப்பு. சுத்தமான பாஸ்பினுக்கு வாசனையே கிடையாது. பூண்டு, அழுகிய மீன் மாதிரி வரும் நாற்றம் அதில் கலந்துள்ள வேறு பொருட்களால் வருவது. நாற்றம் இல்லை என்பதால் வாயு இல்லை என்று அர்த்தமில்லை.

8 மணி நேர வேலையில் காற்றின் 10 லட்சம் பங்கில் 0.3 பங்குக்கு மேல் இந்த வாயு இருக்கக்கூடாது என்பது அமெரிக்காவில் உள்ள வரம்பு. அதை மூக்கால் அளக்க முடியாது. கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கர்சீப், துண்டு, மெடிக்கல் ஷாப் மாஸ்க் எல்லாம் தூசியைத்தான் தடுக்கும். வாயு அதற்குள் சர்வ சாதாரணமாக நுழைந்துவிடும். பாஸ்பினுக்கென்றே உள்ள வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். வாயு அதிகமான இடத்தில் அதுவும் பத்தாது. சிலிண்டரில் இருந்து காற்று தரும் கருவி தேவை.

உடம்பில் என்ன நடக்கும்?

முதலில் தலைவலி, வாந்தி, இருமல், நெஞ்சு இறுக்கம். “பித்தம், வெயில்” என்று டீ குடித்துவிட்டு படுத்துவிடுவார்கள். ஆபத்தே அங்கேதான். உடம்புக்குள் ஆக்சிஜன் இருந்தும் அதை பயன்படுத்த முடியாதபடி இந்த விஷம் செய்துவிடும். இதயம் பலவீனமாகும், ரத்த அழுத்தம் இறங்கும். சில மணி நேரம் கழித்துகூட நுரையீரலில் நீர் கோர்க்கும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு போகிறோமோ அவ்வளவு நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

அலுமினியம் பாஸ்பைடை கண்டவர்கள் வாங்கி வைக்க முடியாது. அரசு நிறுவனங்களும், பூச்சி ஒழிப்பு நிறுவனங்களும் அங்கீகரிக்கப்பட்ட நிபுணர் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

1971-ம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி பாதுகாப்பு உடை, சுவாசக் கருவி, பயிற்சி எல்லாம் முதலாளி பொறுப்பு. பாஸ்பரசின் விஷக் கூட்டுப்பொருட்களால் வரும் நோய், நஷ்டஈடு பெறக்கூடிய தொழில் நோய் பட்டியலில் இருக்கிறது. ஆகவே இதைக் கேட்பது சலுகை அல்ல, உரிமை.

உஷார்... உஷார்...

* மாத்திரையை ஈரமில்லாத பருத்தி கையுறை போட்டே எடுக்கணும். டப்பாவை வெளிக்காற்றில், முகத்துக்கு தள்ளிப் பிடித்து திறக்கணும்.

* மருந்து வைத்த குடோனை ஒட்டியோ, மருந்து வைத்த லாரியிலோ படுக்கக் கூடாது.

* கதவைத் திறந்ததும் மூட்டை இறக்க ஓடாதீர்கள். நன்றாக காற்றோட விட்டு, கருவியில் அளந்த பிறகே உள்ளே போகணும்.

* மிச்சமாகும் சாம்பல் தூளிலும் விஷம் இருக்கலாம். அதை வெறும் கையால் அள்ளவும் கூடாது, தண்ணீர் ஊற்றவும் கூடாது.

* ஒருவர் மயங்கி விழுந்தால் சுவாசக் கருவி இல்லாமல் உள்ளே பாயாதீர்கள். வெளியே கொண்டு வந்ததும் 108-க்கு போன் போடுங்கள். வாயோடு வாய் வைத்து ஊதக் கூடாது. டாக்டரிடம் மருந்தின் பெயரை தவறாமல் சொல்லணும். டெல்லி எய்ம்ஸ் விஷ தகவல் மையத்தின் இலவச எண்: 1800 116 117.

மூட்டையில் வண்டு விழுந்தால் முதலாளிக்கு பண நஷ்டம். வாயு தாக்கி ஆள் விழுந்தால் ஒரு குடும்பமே நடுத்தெருவுக்கு வந்துவிடும். நாளைக்கு குடோன் கதவைத் திறக்கும் முன் “கருவி வச்சு பார்த்தாச்சா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே காலை வையுங்கள்.