பத்துக்குப் பத்து அறையும் ஒரு பச்சை பீரோவும்

"சித்தப்பா, ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பெட்ரூமை மட்டும் பார்த்துட்டுப் போங்களேன்" என்று அண்ணன் மகன் கூப்பிட்டபோது, ஸ்வீட் பாக்கெட்டோடு இன்ச் டேப்பையும் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். கல்யாணமாகி நாலு மாதம். குரோம்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. வீட்டைக் காட்டிய புரோக்கர் படுக்கையறை 'பத்துக்குப் பத்து' என்றாராம். அளந்தேன். ஒரு பக்கம் 9 அடி 8 அங்குலம், மறுபக்கம் 9 அடி 9. யாரும் ஏமாற்றவில்லை. வரைபடத்தில் செங்கல்லுக்குச் செங்கல் அளப்பார்கள். நாம் குடியிருப்பது பூச்சுக்குப் பூச்சு. பூச்சிலும் கட்டும்போது வரும் சின்ன வித்தியாசத்திலுமாக மூன்று நாலு அங்குலம் போய்விடும்.

ஆக 94 சதுர அடி. சின்ன அறைதான், ஆனால் அநியாயச் சின்னது இல்லை. 2016-ம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, இரண்டு அறை உள்ள வீட்டில் ஒன்று 9.5 சதுர மீட்டரும் மற்றது 7.5 சதுர மீட்டரும் இருந்தால் போதும் என்கிறது. அடிக்கணக்கில் 102, 81. இவர்கள் அறை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இஞ்சி டீ வந்தது. கூடவே மருமகளின் கைபேசியும் வந்தது. அதில் ஒரு வீடியோ: ஆறடி அகலக் கட்டில், தலைமாட்டில் பஞ்சு வைத்துத் தைத்த பலகை, சுவருக்குச் சுவர் ஸ்லைடிங் வார்ட்ரோப், மேலே ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்திருக்கும் விளக்கு.

"நல்லாத்தான்மா இருக்கு. இது எத்தனை அடி ரூம்?"

"அது சொல்லலையே, மாமா."

சொல்ல மாட்டார்கள். எடைக்குப் போட வைத்திருந்த பழைய பேப்பர் கட்டை எடுத்து வரச் சொன்னேன்.

இதை நீங்களும் செய்து பாருங்கள், செலவில்லாத வேலை. கடையில் கட்டிலைப் பார்த்தால் அது கட்டிலாகத்தான் தெரியும். உங்கள் அறையின் தரையில் அதே அளவுக்குப் பேப்பர் விரித்தால்தான் அது எவ்வளவு இடத்தை விழுங்கும் என்று தெரியும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: கடைக்காரர் 'ஆறுக்கு ஆறரை' என்பது மெத்தையின் அளவு. கட்டிலுக்குச் சட்டம் உண்டு. பக்கத்துக்கு 2 அங்குலமாவது கூடும். அப்படி 76 அங்குலத்துக்குப் பேப்பர் விரித்தோம். எதிர்ச் சுவரில் வார்ட்ரோபுக்கு 24 அங்குலம் விரித்தோம். அறையின் அகலம் 116. நடுவில் மிஞ்சியது 16 அங்குலம். பையன் அதில் நடந்து காட்டினான். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தான். வார்ட்ரோபின் ஒரு கதவே 18 அங்குலம் இருக்கும். 16 அங்குலச் சந்தில் அது எப்படித் திறக்கும்? அதனால்தான் ஸ்லைடிங் போடச் சொல்கிறார்கள். ஸ்லைடிங் கதவோ ஒன்றின் பின் ஒன்றாக ஓடுவதற்கு இன்னும் இரண்டு மூன்று அங்குல ஆழம் கேட்கும். ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும். அவன் சட்டை தேடும்போது அவள் புடவை எடுக்க முடியாது. புதுசாகக் கல்யாணமானவர்களுக்குக் காலை எட்டு மணிக்கு இது வேண்டாம்.

கட்டிலை ஐந்தடிக்குக் குறைத்தோம். 64 அங்குலம். சந்து 28 ஆனது. நாலடிக் கட்டில் வாங்கினால் இன்னும் இடம் கிடைக்குமே என்றான். கிடைக்கும். ஆனால் ஆளுக்கு இரண்டடிதான் வரும். ரயிலில் கிடைக்கிற அகலம். இரண்டு பேர் தினமும் படுக்கிற கட்டிலில் ஐந்தடிக்குக் கீழே போகாதீர்கள். ஒற்றை ஆளுக்கோ பள்ளிக்கூடப் பிள்ளைக்கோ என்றால் மூன்றடி தாராளம்.

இப்போது அந்த 24 அங்குலத்துக்கு வருவோம். நான் டீயை ஆற விட்டுப் பேசியது இதைப் பற்றித்தான். வார்ட்ரோபுக்கு ஏன் இரண்டடி ஆழம்? கோட்டை ஹேங்கரில் குறுக்காகத் தொங்கவிட்டால் தோள்பட்டை உரசாமல் கதவு மூட வேண்டும், அதற்காக. இந்த வீட்டில் கோட்டு எத்தனை? கல்யாண வரவேற்புக்குத் தைத்தது ஒன்று. அதைப் பையன் இனி எப்போது போடுவான் என்று அவனுக்கே தெரியாது. மற்றதெல்லாம் புடவை, வேட்டி, துண்டு, பெட்ஷீட், சுடிதார். மடிக்கிற துணிகள். மடித்த புடவை அடுக்குக்கு 15 அங்குலத் தட்டு போதும். இரண்டடி ஆழத் தட்டில் புடவை அடுக்கினால் முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை என்று ஆகும். பின் வரிசையை அடுத்த பொங்கலுக்குத்தான் பார்ப்போம். கோட்டு தொங்கவிடும் ஊர்களின் அலமாரியை, புடவை மடிக்கும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, இடம் பத்தவில்லை என்று புலம்புகிறோம்.

"அப்ப துணிய எதுல வைக்கறது, மாமா?"

"தாம்பரத்துல உங்க அத்தை பீரோ ஒண்ணு சும்மா நிக்குதே."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தப் பச்சை பீரோவா?"

அதேதான். அண்ணிக்குச் சீராக வந்த இரும்பு பீரோ. 78 அங்குல உயரம், 36 அகலம், ஆழம் 19. இந்தப் பத்தொன்பதைக் கவனியுங்கள். சட்டை மாட்டும் ஹேங்கர் 17 அங்குலம், உள்ளே மாட்டலாம். மடித்த துணிக்கும் தட்டு உண்டு. வார்ட்ரோபைவிட 5 அங்குலம் மெலிவு. கட்டிலுக்கும் அதற்கும் நடுவில் சந்து 33 அங்குலமாகிவிடும். கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஒருவர் நிற்கலாம். இரும்பைக் கரையான் தொடாது. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் உப்பாது. மலிவான பார்ட்டிக்கிள் போர்டு அலமாரி, தரை துடைக்கிற தண்ணீர் பட்டுப் பட்டே இரண்டு மூன்று மழைக்காலத்தில் அடிப்பக்கம் அப்பளம் மாதிரிப் புடைப்பதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். பீரோவின் எதிரி துரு ஒன்றுதான். காலுக்கு ரப்பர் குமிழ் போட்டு, பின்பக்கம் வெளிச்சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் அதுவும் அடங்கும்.

நிறம்தான் பிரச்சினை என்றால் அதற்கு வழியுண்டு. கார்களுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிற பட்டறையில் பழைய பெயிண்டைச் சுரண்டி வேறு நிறம் அடித்துத் தருவார்கள். என்ன நிறம்? சுவரின் நிறம். இது முக்கியம். பெரிய பொருள் சுவரைவிட அடர்த்தியான நிறத்தில் இருந்தால் கண் முதலில் அதில் போய் முட்டும். அதே நிறத்தில் இருந்தால் சுவரோடு சேர்ந்து பின்வாங்கிவிடும். லாஃப்ட்டுக்குக் கதவு போட்டாலும் இதே விதிதான்.

ஒரு கதை சொன்னேன். சண்டிகரை வடிவமைத்த லெ கார்புசியே, தனக்கென்று பிரான்சின் தென்கோடியில் மத்தியதரைக் கடலோரம் 1952-ல் ஒரு மரக்குடில் கட்டிக்கொண்டார். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர். நம் கணக்கில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. உயரம் 2.26 மீட்டர்தான், ஏழரை அடிகூட இல்லை. படுக்கை, மேசை, அலமாரி, கழிப்பிடம் எல்லாம் அதற்குள். சமையலறை கிடையாது, பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கு ஒரு கதவு வைத்துக்கொண்டார். ஒரு நகரத்தையே வரைந்தவருக்கு அது போதுமாக இருந்தது. 2016-ல் யுனெஸ்கோ அந்தக் குடிலையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. "அவருக்கு அது லீவுக்குப் போற குடில், சித்தப்பா" என்றான் பையன். சரிதான், முழுக்கப் பொருந்தாது. சாப்பாடு வெளியே என்றால் என் அறையும் பெரிசுதான்.

அவ்வளவு தூரம் போவானேன். எங்கள் தாத்தா வீட்டு அறையில் பகலில் ஒன்றுமே இருக்காது. பாய் சுருட்டி மூலையில் நிற்கும். விளக்குக்கு மாடக்குழி, சட்டைக்கு முளை, பாத்திரத்துக்குப் பரண். எல்லாம் சுவருக்குள்ளோ சுவர் மேலோ. தரை பொதுவானது. நடுவில் தொங்கிய துணிக்கொடியை மட்டும் நான் புகழ மாட்டேன். அது அறையை வண்ணான்துறை ஆக்கியது. கட்டில் வேண்டாம், பாயில் படுங்கள் என்றும் சொல்லவில்லை, என் முழங்காலே கேட்காது. ஆனால் வாசலில் நின்று பார்க்கும்போது எவ்வளவு தரை தெரிகிறதோ அவ்வளவுதான் அறை. காலுள்ள கட்டில் அடியிலும் தரையைக் காட்டும். துடைப்பம் போகும், காற்றும் போகும். பெட்டிக் கட்டில் காட்டாது.

இதில்தான் கொஞ்சம் தயங்கினேன். ஐந்துக்கு ஆறரைக் கட்டிலின் அடியில் ஓரடி உயரம் என்றால் 32 கன அடி வரும். சின்ன வீட்டில் அதை வெறுமனே விட யாருக்கு மனசு வரும்? லாஃப்ட் இல்லாத வீடென்றால் பெட்டிக் கட்டில் வாங்குங்கள், குற்றமில்லை. பக்கவாட்டு டிராயர் வேண்டாம். அதை இழுக்கச் சந்து வேண்டும். மெத்தையோடு மேலே தூக்குகிற வகை வாங்குங்கள். அதன் கேஸ் ஸ்பிரிங் மெத்தையின் எடைக்குத் தக்கதாக இருக்க வேண்டும். தென்னை நார் மெத்தை கனம், அதைச் சொல்லியே வாங்குங்கள். பலகையில் காற்றுத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சென்னைப் புழுக்கத்தில் உள்ளே வைத்த கம்பளி பூசணம் பூக்கும். தச்சரை வைத்துச் செய்தால் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள், தண்ணீர் தாங்குகிற மரைன் வகை அது. இந்த வீட்டில் லாஃப்ட் இருந்தது. அதனால் காலுள்ள கட்டில் என்று முடிவானது. தலைமாடு தெற்கே. வடக்கே வைக்க அண்ணி விட மாட்டார், அதில் வாதமே இல்லை.

பிள்ளைகள் உள்ள வீட்டில் அடுக்குக் கட்டில் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறது. ஐந்தடி உயரத்து மேல்தட்டில் பையன் எழுந்து உட்கார்ந்தால் அவன் தலை எட்டடியை நெருங்கும். கையைத் தூக்கினால் இறக்கையில்தான் படும். அடுக்குக் கட்டில் என்றால் சுவர் ஃபேன்தான். ஃபால்ஸ் சீலிங்கும் இதே காரணத்தால் வேண்டாம். ஒன்பதரை அடி உயரத்தில் அரை அடியை மூடி, ஃபேனையும் இறக்கி, அதற்குப் பணமும் கொடுப்பானேன்?

அழகுக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. சுவர், கூரை இரண்டுக்கும் ஒரே சாண்டல் நிறம். வெள்ளை டியூப் லைட்டோடு, கட்டிலருகே 3000 கெல்வின் என்று பெட்டியில் போட்டிருக்கும் மஞ்சள் ஒளி பல்பு ஒன்று. கண்ணாடியை ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கம் வையுங்கள். துணிக்குவியலுக்கு எதிரே வைத்தால் குவியல் இரண்டாகும். கட்டிலுக்கு நேரே கண்ணாடி ஆகாது என்பவர்கள் பீரோக் கதவின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளலாம். ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. அதனால் கதவின் மேல் விளிம்பில் மாட்டுகிற கொக்கிகள். திரைக்கம்பிக்கு மட்டும் கெஞ்சிக் கேட்டு நாலு துளைக்கு அனுமதி வாங்கினான்.

அந்தத் திரைதான் அறையின் நகை. மருமகளின் அம்மா கட்டி அலுத்த மதுரைச் சுங்குடி ஒன்று பெட்டியில் இருந்தது. ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. எட்டு எட்டு அடியாக இரண்டு துண்டு. மேலும் கீழும் மடித்துத் தைத்தது போக ஏழரை அடி தொங்கும். கம்பியை ஜன்னலுக்கு அரை அடி மேலே மாட்டித் தரை வரை விட்டால் சுவர் உயர்ந்தது போலத் தெரியும். துண்டுக்கு 45 அங்குல அகலம். நாலடி ஜன்னலுக்கு நல்ல சுருக்கு விழும். பின்னால் பழைய வேட்டியை லைனிங்காகக் கொடுத்தால் மதிய வெயில் அடங்கும். மிச்ச இரண்டடியில் ஒரு குஷன் உறை. புள்ளி போட்ட துணி திரையில் வந்துவிட்டதால் பெட்ஷீட் சென்னிமலையில் நெய்த ஒற்றை நிறம் போதும். கோடு போட்ட பவானி ஜமக்காளத்தை ஹாலுக்குத் தள்ளினேன். இரண்டும் ஒரே அறையில் இருந்தால் சண்டை போட்டுக்கொள்ளும்.

மூன்றாம் வாரம் பீரோ சந்தன நிறத்தில் வந்து சேர்ந்தது. மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றது. அறையை அளந்தேன், கதவை அளந்தேன், படியை அளக்காமல் விட்டுவிட்டேன். நீங்கள் கட்டிலுக்கோ பீரோவுக்கோ முன்பணம் கொடுக்கும் முன் அதையும் அளந்துவிடுங்கள்.